நாலு மணி நேரம் காதில் கிடக்கிற சாமான்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வயது இருபத்தேழு. பிரியாவிடை விருந்து நடக்கவில்லை, யாரும் சுவர்க் கடிகாரம் பரிசு தரவில்லை. கடைச் சட்டை இரண்டையும் துவைத்து மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சட்டையில் பொத்தான் குறைகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஆறு வருட உழைப்புக்கு அந்தப் பொத்தான்தான் கடைசிப் பேச்சு.

ஜொகூரில் தெப்ராவ் பக்கம் ஒரு பேரங்காடியின் இரண்டாம் மாடியில் ஹெட்ஃபோன் மட்டும் விற்கிற கடை அது. ஹெட்ஃபோன் விற்பதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவும் அதைத்தான் கேட்டார். அவர் பாதுகாவலர் வேலை பார்ப்பவர். ராத்திரி முழுக்க ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவருக்கே என் வேலை சும்மா இருக்கிற வேலையாகத் தெரிந்தது.

இதை எழுதச் சொன்னது தர்ஷினி. நான் விலகுவதற்கு ஆறு மாதம் முன்பு கடையில் சேர்ந்த பெண். போன வாரம் கூப்பிட்டு, கடையில் இருந்த இரண்டு நாற்காலியையும் தூக்கிவிட்டுப் போன் உறை மாட்டுகிற கம்பி வைக்கப் போகிறார்கள் என்றாள். இனிமேல் வாடிக்கையாளர் திரையில் படத்தைப் பார்த்துத் தொட்டால் போதுமாம், பெட்டி வந்துவிடுமாம்.

"அண்ணே, உக்கார வெச்சுப் பாக்காம எப்படிண்ணே குடுக்கறது? மேனேஜர் மிஸ் யீயும் போயிட்டாங்க. நீங்களாச்சும் எழுதிக் குடுங்க" என்றாள்.

முதலில் வாய்ஸ் மெசேஜில் பேசித்தான் அனுப்பப் பார்த்தேன். மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் அம்மா கதை வந்ததும் குரல் உடைந்துவிட்டது. எழுத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகப் படித்தேன். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. தப்பு இருந்தால் தர்ஷினி திருத்திக்கொள்ளட்டும். அவள் ஐந்தாம் படிவம் முடித்தவள்.

பயிற்சி பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் பெட்டி தூக்கினேன், கண்ணாடி துடைத்தேன், எந்தக் கேபிள் எதற்கு என்று மனப்பாடம் செய்தேன். இரண்டாம் வருடம் பேசக் கற்றுக்கொண்டேன். 'பேஸ்' என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்கினால் ஆண்கள் உடனே வாங்கிவிடுவார்கள் என்று கண்டுபிடித்தேன். அந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன். தலைமுடியில் கொஞ்சம் நிறம்கூடப் போட்டேன்.

மூன்றாம் வருடம் மிஸ் யீ மேனேஜராக வந்தார். என்னைவிட வயது குறைவு, என் தோள் உயரம். டிப்ளோமா படித்தவர். எந்நேரமும் வாயில் ஒரு உப்புப் பிளம் கொட்டை உருண்டுகொண்டிருக்கும். சத்தமாகப் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். அதைவிட மோசமான ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது.

சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் ஒரு அண்ணன் வந்தார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில், பாலத்தில் ஜாமில். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது, தன் பாட்டு பக்கத்து ஆளுக்குக் கேட்கக்கூடாது, விலை பரவாயில்லை என்றார். காது மூடியின் பின்பக்கம் முழுக்க அடைத்த வகைதான் இதற்குச் சரி, அது எனக்குத் தெரியும். அதில் எது என்பதில்தான் கோட்டை விட்டேன். இருப்பதிலேயே அழகானதை எடுத்தேன். இரும்புப் பட்டை, தோல் மெத்தை, கையில் வைத்தால் கனம். கனமாக இருந்தால் தரம் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தார். நான் குரலை இறக்கி 'பேஸ்' என்றேன். வாங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் வந்து நின்றார். உச்சந்தலையில் ஒரு காதிலிருந்து மறு காது வரை ஒரு பள்ளம், யாரோ கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்த மாதிரி.

"தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. தலைதான் என்னுது இல்ல போல இருக்கு" என்றார்.

மிஸ் யீ அவருக்கு வேறொன்றை மாற்றிக் கொடுத்து அனுப்பினார். பிறகு அந்தக் கனமான ஹெட்ஃபோனை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். டூட்டி முடிகிற வரை கழற்றாதே, ஸ்டாக் எண்ணு என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். இதுதான் அவருடைய பழக்கம். நீ தப்பாக விற்றதை நீயே சுமக்க வேண்டும். நாலு மணி நேரம் சுமந்தேன். முதல் இருபது நிமிடம் சொகுசாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் உச்சந்தலை எரிந்தது. இரண்டு மணி நேரத்தில் காது வியர்த்துச் சொட்டியது. மூன்றாம் மணி நேரத்தில் தாடை வலித்தது. நாலாம் மணி நேரத்தில் எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்தது.

அன்றைக்குப் பிறகுதான் அவர் எனக்கு நாற்காலி முறையைச் சொல்லிக் கொடுத்தார். தர்ஷினி, இதைக் கவனமாகப் படி.

நின்றுகொண்டு யாரும் மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்பதில்லை. அதனால் முதலில் உட்கார வை. இருபது நிமிடம், குறைக்காதே. வாடிக்கையாளர் எந்தப் பாட்டை எந்தச் சத்தத்தில் வீட்டில் கேட்பாரோ அதையே போடு. கடையின் இடி முழக்கப் பாட்டைப் போடாதே. இடி ஒரு நிமிடத்தில் ஆளை மயக்கும், ஒரு மணி நேரத்தில் தலைவலி கொடுக்கும். போனை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கச் சொல். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். குனியும்போது முன்னால் வழுக்கினால் வேண்டாம். பிறகு நாற்காலியில் தலையைச் சாய்க்கச் சொல். காது மூடி நாற்காலியில் இடித்து ஒரு பக்கம் தூக்கினால் அதுவும் வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். தாடையை அசைக்க ஒரு துண்டு கெரோப்போக் அப்பளம் கொடு. மெல்லும்போது மெத்தை தாடையோடு நடக்க வேண்டும். எதிர்த்து நின்றால் சாயங்காலம் காதுக்குக் கீழே வலிக்கும்.

மெத்தையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார். காது மடல் உள்ளே எதையும் தொடக்கூடாது. கொஞ்சமாய்த் தொட்டால்கூட அரை மணி நேரத்தில் அது மட்டும்தான் நினைவில் இருக்கும், பாட்டு இருக்காது. கடைசியாக, ஆளை ஹெட்ஃபோனோடு படிக்கட்டுப் பக்கம் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போ. அங்கே ஏர்கான் இல்லை. கடைக்குள் எல்லாத் தோல் மெத்தையும் குளுகுளு என்றுதான் இருக்கும். ஜொகூர் வெயிலில் அது காதுக்குப் போட்ட மழைக்கோட்டு.

இத்தனைக்கும் மேல் அவருடைய பெரிய விதி ஒன்று இருந்தது. சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்கவே கூடாது. கேட்டால் மனிதர்கள் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். கேட்காமல் பார்க்க வேண்டும். தோள் மேலே ஏறுகிறதா, விரல் தானாகக் காதுப் பக்கம் போகிறதா, கழற்றிய பிறகு சிவப்பு எத்தனை நேரம் நிற்கிறது. இதையெல்லாம் ஒப்பித்து ஒப்பித்து நான் கடையிலேயே நல்ல ஆள் ஆனேன். வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வந்தார்கள். தினேஷ் இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள் உண்டு. என் தலை ஊதிப்போய் எந்த ஹெட்ஃபோனுக்கும் அடங்காத அளவுக்கு வந்தது.

ஒரு ஓட்டை மட்டும் என்னிடம் இருந்தது. சோதிக்கும் முன்னால் காதில் இருப்பதைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்பது கடைப் பழக்கம். மெத்தை கிழியும், காதும் நசுங்கும். சீனப் பெண்களிடமும் மலாய்ப் பெண்களிடமும் சுலபமாகச் சொல்லிவிடுவேன். சேர்ந்த புதிதில் தங்காக்கிலிருந்து மகளோடு வந்த ஒரு ஆன்ட்டியிடமும் அதே மாதிரி, ஆன்ட்டி தோட்டைக் கழட்டிருங்க என்றேன். ஆன்ட்டி இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார்.

"ஏம்பா, என் வீட்டுக்காரரு கீழ கார் பார்க்ல காடியில உக்காந்திருக்காரு. இங்க என்னைய காத மொட்டையா வெக்கச் சொல்றியா? ஒங்கம்மாகிட்ட போயி இப்படிச் சொல்லுவியா நீ?"

அதற்குப் பிறகு புருஷன் உள்ள நம்ம பெண்கள் யார் வந்தாலும் நான் தோட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவர்களை நாற்காலியில் உட்கார வைப்பதும் இல்லை. நின்றபடியே போட்டுக் காட்டுவேன். நல்லா இருக்குப்பா என்பார்கள். உடனே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அதனால் அவர்கள் காதெல்லாம் கெட்டிக் காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மிஸ் யீ வந்த பிறகும் இதை மட்டும் அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது நான் நல்ல ஆளாக இருந்த அந்தக் காலத்தில்தான். அம்மா சாஆ என்ற ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர். இங்கே வந்து ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவினார். எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். சோறு குழைந்தாலும் நல்லா இருக்கு, பஸ் வராவிட்டாலும் பரவால்ல, கால் வீங்கினாலும் ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணும் இல்லையை நாங்கள் நம்பியதால்தான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனோம். இதை எழுதும்போது கை நிற்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் சென்டரில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக்கூடாது. மேலே டிவி கத்தும், மிஷின்கள் மாறி மாறி அலறும். பக்கத்துக் கட்டிலில் மக்சிக் ரொஹானி என்று ஒரு வயதான மலாய் அம்மா படுத்த உடனே தூங்கிவிடுவார். அம்மாவுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். போனில் சத்தமாக வைத்தால் மக்சிக் விழித்துக்கொள்வார் என்று அம்மா வைக்கவே மாட்டார்.

நாலு மணி நேரம், ஒரே இடம், மெல்லிய சத்தம், வெளியே கேட்கக்கூடாது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில். பரீட்சைத் தாளில் எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி வந்த மாதிரி இருந்தது.

கடையிலேயே மெத்தென்று பெயர் வாங்கிய ஒன்றை வாங்கினேன். தோல் மெத்தை, அளவான கனம், சிங்கப்பூர் அண்ணனுக்குக் கொடுத்த தப்பெல்லாம் இல்லை. வீட்டில் அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். அம்மா காதில் ஏழு கல் தோடு, பின்னால் திருகாணி. கல்யாணத்தன்று ஏறியது, அப்பா இருக்கும்வரை இறங்காது. நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. தங்காக் ஆன்ட்டி என் வாயை நன்றாகப் பூட்டியிருந்தார். மிஸ் யீயின் பெரிய விதியும் மறந்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குய்யா" என்றார் அம்மா. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் ஃபேஸ்புக்கில் படம் போட்டேன். 'அம்மாவுக்கு என் தொழில் செய்த மரியாதை' என்று எழுதி, கீழே ஒரு இதயமும் வைத்தேன். அந்த இதயத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

இரண்டு மாதம் நல்லபடியாகப் போனது. காலையில் அம்மாவைக் கொண்டுபோய் விடுவேன். நர்ஸ் மிஸ்ஸி ஊசி குத்தியதும் ஹெட்ஃபோனை நானே மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். நாலு மணி நேரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நானே கழற்றுவேன். வரும்போதெல்லாம் அம்மா ஹெட்ஃபோனோடு கண் மூடிப் படுத்திருப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் என் சாவிக்கொத்தைக் கட்டிலில் விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் திரும்பிப் போனேன். ஹெட்ஃபோன் அம்மாவின் வயிற்றின் மேல் கிடந்தது. அம்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வலது கையால் அதை எடுத்து ஒரே கையால் தலையில் ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. ஒரு பக்கம் கன்னத்தில் நின்றது.

தூங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்த மக்சிக்தான் சொன்னார். நீ அந்தக் கதவைத் தாண்டியதும் உன் அம்மா மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்வார். முடிகிறதற்குக் கால் மணி நேரம் முன்பு மறுபடி மாட்டிவிடச் சொல்வார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான், நீ நல்ல பிள்ளையாம், மனசு நோகக்கூடாதாம். மக்சிக் இதை மலாயில் மிக மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் ஒரு சொல்லும் தப்பாமல் இறங்கியது.

அம்மாவின் காதை மடக்கிப் பார்த்தேன். தோட்டின் திருகாணி அழுந்தி, காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் தோல் கறுத்துப் புண்ணாகி இருந்தது. இரண்டு காதிலும்.

"ஏம்மா சொல்லல?"

"நீ ஆசையா வாங்கிட்டு வந்த. வலிக்குதுன்னு சொன்னா நீ படிச்ச படிப்பெல்லாம் என்னாத்துக்குய்யா?"

நான் படித்த படிப்பு. மூன்றாம் படிவமும் ஒரு நாற்காலியும்.

கடைக்குப் போய் மிஸ் யீயிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நம்ம பெண்களை நாற்காலியில் உட்கார வைத்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். என் தலையில் எதையாவது மாட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு திருகாணியோடு மாட்டினாலும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருப்பேன். அவர் வாயிலிருந்த கொட்டையைக் கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அம்மாவுக்கு ஊசி இல்லாத நாள் எது என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறந்த உடனே அம்மாவைக் கூட்டிப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போவது போல வந்தார். மிஸ் யீ அவரை நாற்காலியில் உட்கார வைத்து, இடது கையை நாற்காலியின் கையில் வைத்து, ஆன்ட்டி இந்தக் கை இப்போது கிடையாது என்று மலாயில் சொன்னார். அம்மாவின் தோட்டைக் கழற்றச் சொல்லவில்லை. முதலில் நான் வாங்கிய ஹெட்ஃபோனையே, காதுப் புண்ணுக்குப் பஞ்சு வைத்து, மெதுவாக மாட்டினார். கெரோப்போக் உப்பு என்பதால் கொடுக்கவில்லை. தாடை அசைவதற்காக என்னைப் பற்றிப் பேசச் சொன்னார். தாடை நன்றாகவே அசைந்தது. பேச்சு நான் குழந்தையாக இருந்தபோது சோப்பு தின்றது வரைக்கும் போனது.

ஐந்து நிமிடத்தில் அம்மாவின் தோள் ஏறியது. நான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வலது கை விரல் ஒன்று போய் மெத்தையைத் தூக்கிப் பிடித்தது. நான் பார்த்தால் விரல் இறங்கிவிடும். வருடக்கணக்காக மற்றவர்களின் விரலைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

மிஸ் யீ அதைக் கழற்றிவிட்டு அம்மா முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் சொன்னது இது. மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ஆன்ட்டி, இங்க நல்லா இருக்குன்னு சொன்னா நான் விக்க மாட்டேன். ஒவ்வொண்ணுக்கும் மூணு குறை சொல்லணும். மூணு வரலன்னா வீட்டுக்குப் போகலாம்."

அம்மா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை மிஸ் என்றார். மிஸ் யீயும் என்னைப் பார்த்தார். பிறகு கதவைக் காட்டினார்.

நான் வெளியே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றேன். துணிக்கடைக்காரர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அம்மா குனிந்தே இருந்தார். பிறகு ஒரு விரலை மடக்கினார். பிறகு இன்னொன்று. மூன்றாவது விரல் மடங்கியபோது நான் மூச்சு விட்டேன். அது நிற்கவில்லை. நாலு, ஐந்து என்று போனது. கை முடிந்ததும் மிஸ் யீ தன் கையை நீட்டினார். அம்மா அவர் விரல்களையும் பிடித்து மடக்கிக்கொண்டே பேசினார். என் அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்த வழியாகப் போனவர்கள், உள்ளே விடமாட்டோம் என்று வெளியே அனுப்பப்பட்ட ஆள் நான் என்று நினைத்திருப்பார்கள். உண்மையும் அதுதான்.

என்னை உள்ளே கூப்பிட்டபோது மிஸ் யீ ரசீதுத் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். தோடு குத்துகிறது. காது வேகிறது. கொண்டையில் பட்டை இடிக்கிறது. பாட்டில் டம் டம் என்று அடிக்கிறது, பாடுகிறவர் தூரமாக நிற்கிறார். சாய்ந்தால் தூக்குகிறது. ஒரு கையால் சரி செய்ய முடியவில்லை. கடைசியில் ஒன்று: மகன் மாட்டிவிடும்போது அதிகமாகப் பேசுகிறான்.

பிறகு அவர் செய்ததைத்தான் தர்ஷினி நீ பார்த்ததில்லை. இன்னொரு ரசீதுத் தாளை அம்மாவின் காதோடு பிடித்து, தோடும் திருகாணியும் உள்ளே வருகிற மாதிரி பென்சிலால் சுற்றி வரைந்தார். கத்தரித்தார். காகிதக் காது. அதை ஒவ்வொரு ஹெட்ஃபோன் மெத்தையின் ஓட்டையிலும் வைத்துப் பார்த்தோம். நான் பெருமையாக விற்ற எல்லாவற்றிலும் காகிதம் மடங்கியது. தோட்டைக் கழற்றச் சொல்வதா வேண்டாமா என்று இத்தனை வருடம் நான் தவித்தேன். தோட்டோடு சேர்ந்ததுதான் காது என்று அளந்தால் முடிகிற விஷயம்.

மடங்காமல் உள்ளே விழுந்தது ஒன்றே ஒன்று. கீழ்த் தட்டில், தூசியில், நாங்கள் 'கோப்பிக் கடை அங்கிள்' என்று பெயர் வைத்துச் சிரித்த உருப்படி. முழுக்கப் பிளாஸ்டிக், பின்பக்கம் அடைத்தது, சாம்பல் நிறம், துணி மெத்தை, இரண்டு காதிலும் வாழைப்பூ வைத்த மாதிரி பெரிதாக இருக்கும். அதை நான் ஒருவருக்கும் எடுத்துக் காட்டியதே இல்லை. எடையே தெரியாது. தலையில் வார் ஒன்று தொட்டில் போலத் தானாக இறங்கி உட்காரும், ஒரு கையால் போட்டு ஒரு கையால் எடுக்கலாம்.

அம்மா போட்டுக்கொண்டார். இருபது நிமிடம் ஓடியது. தோள் ஏறவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய் வந்தோம். இதற்கும் மூன்று குறை வேண்டும் என்றார் மிஸ் யீ.

அம்மா யோசித்தார். "கொஞ்சம் இறுக்குது. அசிங்கமா இருக்கு." மூன்றாவது வரவில்லை. மிஸ் யீ விடவில்லை. அம்மா என்னைப் பார்த்தபடியே, இந்த முறை நான் வெளியே போகாமலே, சொன்னார்: "இத மொதல்லயே இவன் குடுத்திருக்கலாம்."

இறுக்கத்துக்கு நான் வைத்தியம் செய்தேன். காதுக்குக் காது அகலத்தைவிட ஒரு விரல் அதிகமான பிஸ்கட் டின்னில் அதை மாட்டி இரண்டு நாள் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் பிடி இளகியிருந்தது. அதற்கு மேல் இளக்கினால் சாயும்போது விழும். தர்ஷினி, டின்னில் மாட்டினால் தினமும் எடுத்துப் பார். ஒரே அடியாக இழுத்தால் பிளாஸ்டிக் உடையும். நான் ஒன்றை உடைத்துவிட்டு ஸ்டாக்கில் குறைகிறது என்று சொன்னவன்.

அதற்குப் பிறகு அம்மா மாறிவிட்டார். குறை சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. டிவி சத்தம் அதிகம் என்று சென்டரில் சொன்னார். பிளாஸ்திரி இறுக்குகிறது என்று மிஸ்ஸியிடம் சொன்னார். அப்பா வாங்கி வரும் மீன் போன வாரத்து மீன் என்றார். நான் சுட்ட தோசையைத் தூக்கிப் பார்த்து, இதுக்கு எத்தனை குறை வேணும் என்று கேட்டார். கால் வலித்தால் வலிக்கிறது என்றார். முதல் தடவையாக டாக்டரிடம் மூச்சு வாங்குது என்று தானாகச் சொன்னார். மருந்து மாற்றினார்கள். டாக்டர் நல்லதாச்சு சொன்னீங்க என்றார். அதனால் கிடைத்தது நாலைந்து மாதமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எனக்குக் கணக்குத் தெரியாது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் அதிகமாகக் கேட்ட குரல் அம்மாவுடையது. அது மட்டும் தெரியும்.

அம்மா போன பிறகு ஒன்பது நாள் வேலைக்குப் போனேன். பத்தாம் நாள் ஒரு அக்கா போட்டுப் பார்த்து, நல்லா இருக்குப்பா என்றார். பொய் சொல்லாதீங்கக்கா என்று நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் வாங்காமலே போய்விட்டார். விற்கிறவன் அப்படி அழுதால் கடை ஓடாது. மிஸ் யீயும் அந்த மாதமே வேறு ஊருக்கு மாறினார். நான் ஓய்வு பெற்ற கதை இவ்வளவுதான்.

கடைசியாகச் சென்டருக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். மிஸ்ஸி ஊசி குத்திவிட்டுப் போனார். அம்மாவே வலது கையால் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டார். நான் வழக்கம்போலக் கட்டில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாமா, இந்த வருடம் தைப்பூசத்துக்குப் போகலாமா என்று என்னென்னவோ. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கி, கோழியை விரட்டுவது போல இரண்டு முறை ஆட்டினார்.

"போய்யா. பாட்டு ஓடுதுல்ல."

மக்சிக் போர்வைக்குள் சிரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. கீழே போய் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். நாலு மணி நேரம் கழித்து மேலே வந்தபோது மிஷின் நின்று, ஊசி எடுத்து, கட்டு போட்டிருந்தது. அம்மா ஹெட்ஃபோனோடு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவா என்றார் மிஸ்ஸி. வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே இருந்தேன். தோளைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை, மூச்சு மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. அடுத்த முறை போக வேண்டிய நாள் காலையில் அம்மா வீட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சாவு வீட்டில் வந்தவர்களெல்லாம் அம்மா உன்னிடம் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் தண்ணீர் கேட்டிருப்பார், ஃபேனைக் குறைக்கச் சொல்லியிருப்பார். எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லை. போகச் சொன்னாங்க என்று சொன்னேன். கேட்டவர்கள் முகம் ஒரு மாதிரியாகும், தோளைத் தட்டுவார்கள், அவரவர் ஆறுதல் சொல்வார்கள். நான் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கினால் என் தொழிலைப் பற்றிப் பெருமை பேசியதாகிவிடும்.